ஒரு தூண் போனால் மூன்று கண்ணும் போகுமா?

வாசகர் கேள்வி பதில்

இரும்புப் பாலங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவற்றுக்கும் அதுவே அடித்தளம் என்பதால் சுருக்கவில்லை.

*

காரைக்குடி வாசகர் ஒருவர்: 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோரில் சரக்குக் கப்பல் மோதிப் பாலம் விழுந்த வீடியோவைப் பார்த்தேன். கப்பல் இடித்தது ஒரே ஒரு தூணை. பாலமோ சில நொடிகளில் மொத்தமாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. கட்டியதில் கோளாறா? என் மகனும் கப்பல் இன்ஜினீயர், அதனால் கேட்கிறேன்.

இரும்பில் கோளாறு இல்லை. தூணைக் காக்கும் ஏற்பாட்டில்தான் குறை.

அது பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். படாப்ஸ்கோ ஆற்றின் முகத்தில் முதலில் திட்டமிட்டது சுரங்கப் பாதை. ஒப்பந்தப் புள்ளிகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்ததால் பாலத்துக்கு மாறினார்கள். சுரங்கத்துக்குள் அனுமதிக்க முடியாத பெட்ரோல், ரசாயன லாரிகளும் பாலத்தில் போகலாம் என்பது கூடுதல் வசதி. 1972-ல் வேலை தொடங்கியது, 1977 மார்ச் 23-ல் திறந்தார்கள். மொத்த நீளம் 8,636 அடி. அதில் கப்பல் வழிக்கு மேலே இருந்த பகுதிதான் டிரஸ், அதாவது முக்கோணச் சட்டகம். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு கண். நடுக்கண் 1,200 அடி (366 மீட்டர்), இருபுறமும் 722 அடிக் கண்கள். தண்ணீருக்கு மேல் 185 அடி இடைவெளி.

தூரத்திலிருந்து பார்த்தால் வில் போலத் தெரியும். அது வில் பாலம் அல்ல. வில் தன் கால்களை வெளிப்பக்கம் தள்ளும். இது தூண்களின் மேல் நேராக அமர்ந்திருந்த சட்டகம். மூன்று கண்களும் தனித்தனிச் சட்டகங்களும் அல்ல. ஒரு கரைப்பக்கத் தூணில் தொடங்கி மறுமுனை வரை 2,644 அடிக்கு இடைவெட்டு இல்லாத ஒரே சட்டகம். இதைத் தொடர் டிரஸ் என்பார்கள்.

ஏன் தொடராகக் கட்டினார்கள்? இரும்பு மிச்சம். தனியாக அமர்ந்த கண்ணில் சுமை முழுவதும் நடுவில் வளைக்கப் பார்க்கும். பக்கத்துக் கண்ணோடு பிணைத்துவிட்டால் அந்த வளைப்பில் பெரும்பங்கு தூணின் தலைக்கு நகர்ந்துவிடும். நடுவில் சட்டகம் மெலிந்திருக்கலாம், தூணுக்கு மேல் மட்டும் ஆழமாக இருந்தால் போதும். கீ பாலத்தின் உருவம் அந்தக் கணக்கின் படம்தான்.

இப்போது விபத்துக்கு வருவோம். தூணின் தலைக்கு மேலே சட்டகத்தின் மேல் உறுப்புகள் இழுபடும், கீழ் உறுப்புகள் அமுக்கப்படும். அதற்கேற்பத்தான் ஒவ்வொரு உறுப்பும் செய்யப்பட்டிருக்கும். கப்பல் தெற்குத் தூணைத் தட்டிவிட்டதும் 722 அடியும் 1,200 அடியும் சேர்ந்து 1,922 அடிக்குத் தாங்கல் இல்லை. தூண் இருந்த இடம் ஒரே கணத்தில் கண்ணின் நடுப்பகுதி ஆகிவிட்டது. இழுபட்டுக்கொண்டிருந்த மேல் உறுப்புகள் அமுக்கப்பட்டன, அமுக்கப்பட்டவை இழுபட்டன. அதற்காகச் செய்யப்படாத உறுப்புகள் நெளிந்தும் அறுந்தும் போயின. அதுவரை நடுக்கண்ணின் பாரத்தை நம்பிச் சமநிலையில் இருந்த வடக்குக் கண்ணும் பிடிப்பு இழந்து சரிந்தது. தனித்தனிக் கண்களாக இருந்திருந்தால் அந்தத் தூணில் அமர்ந்திருந்த இரண்டு கண்கள் விழுந்திருக்கும், மூன்றாவது நின்றிருக்கக்கூடும். தொடர் டிரஸ்ஸில் நாம் மிச்சப்படுத்தும் இரும்புக்கு இதுதான் விலை. ஆனாலும் அந்த வடிவத்தைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. தூண் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் எந்தப் பாலமும் கட்டப்படுகிறது.

அந்தத் தூணின் மேல் விழுந்த அடியைக் கணக்கிட்டுப் பாருங்கள். ‘டாலி’ கப்பல் சுமார் 300 மீட்டர் நீளம். சரக்கோடு ஏறத்தாழ 1,12,000 டன். மோதியபோது வேகம் சுமார் 6.5 நாட், மணிக்கு 12 கி.மீ., சைக்கிள் வேகம். இருந்தும் அதன் இயக்க ஆற்றல் 60 கோடி ஜூலுக்கு மேல். 20 டன் லாரிகள் சுமார் 125, ஒவ்வொன்றும் 80 கி.மீ. வேகத்தில் ஒரே இடத்தில் மோதுவதற்கு அது சமம். தூண்களுக்கு முன்னும் பின்னும் ‘டால்பின்’ எனப்படும் தடுப்புத் திட்டுகள் இருந்தன. அவை சிறியவை. கப்பல் ஒரு திட்டின் பக்கவாட்டாக வந்து தூணைத் தொட்டுவிட்டது.

இப்படி நடக்கும் என்று முன்பே தெரியாதா என்றால், தெரியும். 1980 மே 9 அன்று புளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே என்ற பாலத்தை, அதுவும் சுங்கம் வாங்கும் இரும்பு டிரஸ் பாலம்தான், ‘சம்மிட் வென்ச்சர்’ கப்பல் இடித்து 35 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1991-ல் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினர் கப்பல் மோதல் அபாயத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். புதிய பாலங்களுக்கு அது கட்டாயம் ஆனது, பழையவற்றுக்குப் பரிந்துரையாக மட்டும் நின்றது. கீ பாலத்துக்கு அந்தக் கணக்கைப் போடவே இல்லை. விழுந்த பிறகு விசாரணை வாரியம் போட்டுப் பார்த்தபோது, ஏற்கத்தக்க வரம்பைப் போல ஏறக்குறைய 30 மடங்கு அபாயம் என்று வந்தது. நாடு முழுவதும் இன்னும் 68 பாலங்களுக்கு இதே கணக்கைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்த பிறகு போட்ட கணக்கு இது. பாலத்தின் மேல் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கப்பலிலிருந்து அபாய அறிவிப்பு வந்ததும் காவலர்கள் இரு முனையிலும் வண்டிகளை நிறுத்தியதால்தான் சாவு அந்த அளவோடு நின்றது.

உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மின்சாரம் நின்றுதான் கப்பல் கட்டுப்பாட்டை இழந்தது. முதலில் மின்சாரம் நின்றதற்கு, மின்பெட்டியில் ஒரு சிக்னல் கம்பி சரியாகப் பொருந்தாததுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொல்கிறது. கம்பியில் மாட்டியிருந்த அடையாளச் சீட்டு, முனை டெர்மினலுக்குள் முழுதாக இறங்கவிடாமல் தடுத்திருக்கிறது. டெர்மினலை முடுக்கியதும் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பெரிய காரியம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

*

தேவகோட்டை கணித ஆசிரியை: டிரஸ்ஸில் ஏன் எப்போதும் முக்கோணம்? பிள்ளைகளுக்குப் பலகையில் போட்டுக் காட்ட ஒரு எளிய கணக்கும் வேண்டும்.

நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியடித்துச் சதுரம் செய்தால் தள்ளினதும் சாயும். மூன்று குச்சி முக்கோணம், குச்சியின் நீளம் மாறாதவரை உருமாறாது. அதனால் முக்கோணங்களை அடுக்கிக் கட்டிய சட்டகத்தில், மூட்டுகளில் மட்டும் சுமை வைத்தால், எந்த உறுப்பும் வளைய வேண்டியதில்லை. ஒன்று இழுபடும், அல்லது அமுக்கப்படும். இரும்பு இந்த இரண்டிலும்தான் முழுத் திறனைத் தரும்.

கணக்கு இதோ. கண் நீளம் 60 மீட்டர். பாலத்தின் எடையும் வண்டிகளும் சேர்த்து மீட்டருக்கு 5 டன். நடுவில் வளைப்புத் திருப்பம் (சுமை சட்டகத்தை வளைக்கப் பார்க்கும் அளவு) = 5 × 60 × 60 ÷ 8 = 2,250 டன்-மீட்டர். சட்டகத்தின் உயரம் 10 மீட்டர் என்றால், கீழ் உறுப்பில் இழுவிசை 2,250 ÷ 10 = 225 டன். இடம் வலம் என இரண்டு சட்டகங்கள், ஆக ஒவ்வொன்றுக்கும் 112.5 டன். சதுர மில்லிமீட்டருக்கு 15 கிலோ அனுமதித்தால் 7,500 ச.மி.மீ. இரும்பு வேண்டும். 300 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பட்டை! அறுபது மீட்டர் பாலத்தை அவ்வளவு இரும்பு பிடித்துக்கொள்கிறது என்றால் பிள்ளைகள் கண் விரிப்பார்கள்.

அடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். மேல் உறுப்பிலும் அதே 225 டன்தான், அங்கும் பட்டை போதுமா? போதாது. அமுக்கினால் பட்டை நெளிந்துவிடும், பெட்டி வடிவம் வேண்டும். கண் நீளத்தை 120 மீட்டர் ஆக்கினால்? திருப்பம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். சட்டகத்தின் சொந்த எடையும் கூடவே ஏறும்.

இந்த இரண்டாவது கேள்வியில் சறுக்கியதுதான் கனடாவின் கியூபெக் பாலம். 1,600 அடியாக இருந்த கண்ணை 1,800 அடியாக நீட்டிவிட்டு, கூடிய சொந்த எடையைத் திரும்பக் கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்தபோதே, தூணுக்குப் பக்கத்தில் அமுக்கப்பட்டிருந்த கீழ் உறுப்பு நெளிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த உறுப்பு நெளியத் தொடங்கியதை அதற்கு முந்தைய நாட்களிலேயே அளந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். வேலையை நிறுத்தும் உத்தரவு உரிய நேரத்தில் பாலத்துக்கு வந்து சேரவில்லை. 1916-ல் நடுக்கண்ணைத் தூக்கும்போது அதுவும் விழுந்து 13 பேர் போனார்கள். 1917-ல் முடித்த பாலம் இன்றும் நிற்கிறது. 549 மீட்டர்க் கண்ணோடு, கான்டிலீவர் வகையில் (தூணிலிருந்து கை நீட்டுவது போலக் கட்டுவது) உலகிலேயே நீளமானது அதுதான்.

*

கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்: எங்கள் ஐயா மாண்டலேயில் கடை வைத்திருந்தார். ஐராவதி மேல் ஒரு பெரிய இரும்புப் பாலம் பற்றி வீட்டில் பேச்சு உண்டு. 2025 நிலநடுக்கத்தில் விழுந்தது அதுதானா?

அதேதான். ஆவா பாலம் என்பார்கள், சகாயிங் பழைய பாலம் என்றும் பெயர். பிரிட்டிஷார் 1934-ல் திறந்தது. 16 கண்கள், நடுவில் ரயில், இருபுறமும் சாலை. பல பத்தாண்டுகள் ஐராவதியின் குறுக்கே இருந்த ஒரே பாலம் அது. 1942-ல் ஜப்பானியர் நெருங்கியபோது பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே தகர்த்துவிட்டுப் போனது. நம் பக்கத்துக் குடும்பங்கள் பல பர்மாவை விட்டு நடந்தே வந்த அதே ஆண்டு. 1954-ல் திருப்பிக் கட்டினார்கள்.

2025 மார்ச் 28, நிலநடுக்க அளவு 7.7. கீ பாலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவாவில் கண்கள் தனித்தனி, அதனால் சில கண்கள் ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை தூணிலுமாகத் தொங்கின, சில அப்படியே நின்றன. தனிக்கண் பாலத்தின் பலமும் பலவீனமும் இதுவே. ஒன்று விழுந்தால் மற்றதை இழுக்காது. ஆனால் ஒவ்வொரு கண்ணும் தூணின் தலையில் ஒரு சிறிய அகலத்தில்தான் அமர்ந்திருக்கும். பூமி குலுங்கித் தூண்கள் வெவ்வேறு பக்கம் ஆடினால், சட்டகத்துக்கு ஒரு சேதமும் இல்லாமலே முனை இருக்கையிலிருந்து நழுவிவிடும். இப்போது நிலநடுக்கப் பகுதிகளில் பழைய பாலங்களின் இருக்கையை அகலப்படுத்துகிறார்கள், அடுத்தடுத்த கண்களைக் கம்பிவடத்தால் தளர்வாகப் பிணைக்கிறார்கள். நழுவினாலும் விழாமல் பிடித்துக்கொள்ளும்.

*

பள்ளத்தூர் வாசகர் ஒருவர்: லெம்பலக்குடி டோல்கேட்டில் கட்டும்போதெல்லாம் தோன்றும் கேள்வி. பாலத்துக்குத் தனிச் சுங்கம் உண்டா? அமெரிக்காவில் எப்படி?

அங்கே பெரிய பாலங்கள் பலவற்றுக்கு அரசு வரிப்பணத்தைப் போடுவதில்லை. வரப்போகும் சுங்கத்தை ஈடாகக் காட்டிக் கடன் பத்திரம் விற்று அந்தப் பணத்தில் கட்டுகிறார்கள். கீ பாலமும் அப்படித்தான். பின்னாளில் வரும் வசூலை நம்பி இன்று கடன் கொடுப்பதை நம் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. விழுந்தபோது காருக்கு 4 டாலர், மேரிலாந்து மாநில மின்னட்டை வைத்திருந்தால் 3. 2019-லேயே சாவடியில் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

நம் தேசிய நெடுஞ்சாலையில் பாலத்துக்குப் பொதுவாகத் தனிச் சீட்டு கிடையாது, ஆனால் கட்டணத்துக்குள் அது இருக்கிறது. பாலம், சுரங்கம், மேம்பாலம் ஆகியவற்றின் நீளத்தைப் பத்தால் பெருக்கிச் சாலை நீளத்தோடு கூட்டுவது விதி. 2025 ஜூலைத் திருத்தம் இதற்கு உச்சவரம்பு வைத்தது. அப்படிக் கூட்டி வருவது, அல்லது அந்தப் பகுதியின் மொத்த நீளத்தைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கட்டணம். 40 கி.மீ. முழுவதுமே மேம்பாலம் என்றால் முன்பு 400 கி.மீ. கணக்கு, இப்போது 200. நம் வழியில் இருப்பவை சிறு பாலங்கள், அதனால் வித்தியாசம் கையில் பெரிதாகத் தெரியாது.

*

புதுவயல் அரிசி ஆலை உரிமையாளர்: எங்கள் ஆலைக் கூரை 12 மீட்டர் ஆங்கிள் டிரஸ். புது எலிவேட்டர் ஏற்ற ஒரு சாய்வு ஆங்கிள் இடிக்கிறது. வெல்டர் ‘ஒன்றை வெட்டினால் ஒன்றும் ஆகாது’ என்கிறார்.

வெட்டாதீர்கள். முக்கோணத்தில் ஒரு பக்கத்தை எடுத்தால் மிஞ்சுவது சாயும் சட்டம். அன்றைக்கே விழாமல் இருக்கலாம். மூட்டுகளில் உள்ள வெல்டிங் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். ஆடிக் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும் நாளில் விசை திரும்பும். இழுபட்டுக்கொண்டிருந்த கீழ் ஆங்கிள் அமுக்கப்படும். ஒல்லியான ஆங்கிள் அப்போதுதான் நெளியும்.

முதல் வழி, எலிவேட்டரை இரண்டு டிரஸ்களுக்கு இடையில் நகர்த்துவது. ஓரடி தள்ளிவைக்க இடமிருந்தால் வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். முடியாது என்றால், கட்டமைப்புப் பொறியாளரிடம் மாற்று உறுப்பு வடிவமைத்து வாங்குங்கள். வேலை வரிசை முக்கியம். வெட்டும் இடத்துக்கு இருபுறமும் உள்ள மூட்டுகளுக்கு நேர் கீழே தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் கூரை எடையை ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு புது உறுப்புகளை மாட்டி, எல்லா வெல்டிங்கும் முடிந்து ஆறின பின்பே பழையதை வெட்ட வேண்டும். முட்டுகளைக் கடைசியில் மெல்ல இறக்குங்கள். சுமை தாங்கி நிற்கும் ஆங்கிளின் குறுக்கே வெல்டிங் ஓட்டக் கூடாது. அந்த இடம் பழுத்திருக்கும் நேரத்தில் அதற்குப் பலமே இருக்காது. எலிவேட்டரையோ மோட்டாரையோ ஆங்கிளின் நடுவில் தொங்கவிடுவதும் தவறு. தொங்கவிட்டே ஆக வேண்டுமானால் மூட்டில்தான்.

இன்னொன்று. நெல் அவிக்கும் இடத்துக்கு மேலே உள்ள டிரஸ்ஸை ஏணி வைத்துப் போய்ப் பாருங்கள். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, தவிட்டுத் தூசியில் ஊறி, ஆங்கிளின் உள்மூலையில் தங்கும். முதலில் துருப்பிடித்துத் தேய்வது அங்கேதான், கீழிருந்து பார்த்தால் தெரியாது.

*

காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்: பழைய பாலங்களில் ரிவெட், புதியவற்றில் போல்ட். எது மேல்? மூட்டில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஹவுரா பாலம் (1943, நடுக்கண் 457 மீட்டர், 26,500 டன் இரும்பு) ரிவெட்டாலேயே கட்டியது, இன்றும் உழைக்கிறது. ரிவெட் மோசம் என்பதால் போகவில்லை. பழுக்கக் காய்ச்சி, எறிந்து, பிடித்து, அடிக்கும் நான்கு பேர் கைவேலைக் கூட்டம் இன்று கிடைக்காது என்பதால் போனது. அந்த இடத்தில் வந்தது உயர்பலப் போல்ட். தகடுகளை இறுக்கி அமுக்கி, உராய்வால் விசையைக் கடத்துவது அதன் வேலை. ஆகவே ஸ்பேனர் கைக்கு ‘கெட்டியாக இருக்கிறது’ என்பது போதாது. முதலில் தகடுகள் இடைவெளி இன்றி ஒட்டும்வரை எல்லாப் போல்ட்டையும் மூட்டின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி முடுக்க வேண்டும். பிறகு நட்டிலும் போல்ட் முனையிலும் கோடு போட்டு, போல்ட் நீளம் விட்டத்தின் நான்கு மடங்குக்குள் என்றால் மூன்றில் ஒரு சுற்று, நான்கிலிருந்து எட்டு மடங்கு என்றால் அரைச் சுற்று. உராயும் முகத்தில் எண்ணெயோ சாதாரணப் பெயின்டோ இருந்தால் எல்லாம் வீண்.

பழைய ரிவெட்டை, ஒரு பக்கத் தலையில் விரலை வைத்து மறுபக்கத் தலையைச் சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும், விரலில் அதிர்வு தெரியும். தலையைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது உள்ளே அசைகிறது. மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், அந்தத் துளையில் போல்ட் முடுக்கிய பிறகே அடுத்தது.

ரிவெட்டைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, உறுப்புகளை ஒன்றுசேர்க்கும் குசட் தகட்டை. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபோலிஸில் விழுந்து 13 பேரைக் கொன்ற ஐ-35 மேற்குப் பாலத்தில், ஓர் அங்குலம் இருக்க வேண்டிய குசட் அரை அங்குலமாகவே வடிவமைக்கப்பட்டிருந்தது. அன்று மேலே பராமரிப்பு வேலைக்கான ஜல்லியும் மணலும் இயந்திரங்களும் குவிந்திருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களிலேயே அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. சோதனைக்குப் போனவர்கள் துருவைத் தேடினார்கள், வளைவைக் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் போகும்போது ஒரு நேர்விளிம்புச் சட்டத்தைக் கையில் எடுத்துப் போங்கள். தகட்டின் விளிம்பில் வைத்தால் இடைவெளி தானே சொல்லும்.

ஹவுராவில் இன்னொரு சேதி. தொங்கு உறுப்புகளின் அடிமூடிகள் வெற்றிலை எச்சிலால் அரித்து 6 மி.மீ. தடிமனில் பாதி போய்விட்டது. கண்ணாடியிழை உறை போட்டுக் காப்பாற்றினார்கள்.

*

தொண்டி சாலையிலிருந்து ஒரு வாசகி: கடல்காற்றில் இரும்புக் கேட்டே இரண்டு வருடம் நிற்பதில்லை. பாம்பன் எப்படி நிற்கிறது? புதுப் பாலம் டிரஸ்ஸா?

1914-ல் திறந்த பழைய பாம்பன், நூறாண்டுக்கு மேல் ஓயாமல் சுரண்டிப் பூசியதால் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 18.3 மீட்டர்க் கண்கள் 99, அவை டிரஸ் அல்ல, தகட்டு கர்டர்கள், அதாவது முழுத் தகட்டால் செய்த விட்டங்கள். கப்பலுக்கு வழிவிட்டு 17 மீட்டர் உயரும் 72.5 மீட்டர்த் தூக்குக் கண் மட்டும் டிரஸ். தூக்க வேண்டிய கண் இலேசாக இருக்க வேண்டும் அல்லவா? மேலே அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு.

கடலோர இரும்புக்குப் பூச்சு முறை பொதுவாக இது: மணல் பீய்ச்சி வெள்ளை உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்வது, துத்தநாகப் பிரைமர், நடுவில் தடிமனான எபாக்சி, மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன், மொத்தம் 250 மைக்ரான் அளவில். ஓரங்களிலும் போல்ட் தலைகளிலும் பெயின்ட் தானே ஒதுங்கி மெலியும். அங்கே மட்டும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட்டுப் பூச்சு. ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் காலையில் தொடவே கூடாது. சுத்தம் செய்த இரும்பை அன்றைக்கே பிரைமரால் மூடிவிட வேண்டும், இரவு கடந்தால் மறுபடி பீய்ச்ச வேண்டும். உங்கள் கேட் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, அடியில் விட்ட உப்பு. நல்ல தண்ணீரில் கழுவாமல், காயவும் விடாமல் எமரி தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தால் உப்பு உள்ளே அடைபட்டு, கொப்புளமாக எழும். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இரும்பு அரிப்பைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது. பெரிய அளவில் கடலோர வேலை எடுப்பவர்கள் பூச்சு முறையை அங்கே கேட்டு முடிவுசெய்வது நல்லது.